குண்டு போட முடிவெடுத்தது யார் தெரியுமா?

1945 மே மாதம். அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானிகளும் ராணுவ அதிகாரிகளும் உட்கார்ந்து ஊர் தேடிக்கொண்டிருந்தார்கள். உலகத்தின் முதல் அணுகுண்டை எந்த ஊரின் தலையில் போடுவது? பட்டியலில் முதலில் இருந்த ஊர் எது தெரியுமா? ஹிரோஷிமா என்றுதானே சொல்வீர்கள்? இல்லை, கியோட்டோ! ஆயிரம் வருடங்களுக்கு மேல் ஜப்பானின் தலைநகரமாக இருந்த, தெருவுக்குத் தெரு கோயில் இருக்கிற கியோட்டோ!

அதற்குச் சொன்ன காரணம்தான் தூக்கிவாரிப் போடும். கியோட்டோ படித்தவர்கள் நிறைந்த ஊராம். இப்படி ஓர் ஆயுதத்தின் மகிமை அங்கிருப்பவர்களுக்குத்தான் நன்றாகப் புரியுமாம்! குழுவின் கூட்டக் குறிப்பிலேயே இது பதிவாகியிருக்கிறது. ஹிரோஷிமாவுக்குக் கொடுத்த தகுதிச் சான்றிதழ் வேறு மாதிரி. சுற்றிலும் மலைகள் இருப்பதால் வெடிப்பின் வேகம் வெளியே சிதறாமல் ஊருக்குள்ளேயே குவியும் என்று எழுதியிருக்கிறார்கள்.

சரி, கியோட்டோ தப்பியது எப்படி? ஒரு கிழவரின் பிடிவாதத்தால்! போர்த்துறை அமைச்சர் ஹென்றி ஸ்டிம்சனுக்கு அப்போது 77 வயது. குண்டுத் திட்டத்தை நடத்திய ஜெனரல் லெஸ்லி குரோவ்ஸ் கியோட்டோவைப் பட்டியலில் சேர்க்கச் சேர்க்க, ஸ்டிம்சன் அடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஜெர்மனியில் போட்ஸ்டாம் மாநாட்டுக்கு வந்திருந்த அதிபர் ட்ரூமனிடம் நேரிலேயே பேசி, ஜூலை 24ஆம் தேதி அந்தப் பெயரை நிரந்தரமாக எடுக்கவைத்தார். தேனிலவு கொண்டாடிய ஊர் என்பதால் காப்பாற்றினார் என்று ஒரு கதை உலவுகிறது. ‘ஓப்பன்ஹைமர்’ படத்திலும் வருகிறது. அவருக்குக் கல்யாணம் ஆனது 1893இல். கியோட்டோவைப் பார்த்தது 1920களில். முப்பது வருடம் தள்ளிப் போகிற தேனிலவை நான் கேள்விப்பட்டதில்லை. அவர் ட்ரூமனிடம் சொன்ன காரணம் சுத்தமான ராஜதந்திரம்: கியோட்டோவை அழித்தால் ஜப்பானியர்களுக்கு நம் மேல் ஆறாத கசப்பு வரும், போர் முடிந்ததும் ரஷ்யா பக்கம் சாய்ந்துவிடுவார்கள்.

ஒரு பெயரை எடுத்தால் அந்த இடத்தில் இன்னொன்று வேண்டுமே! அப்படி ஜூலை கடைசியில் உள்ளே நுழைந்த பெயர்தான் நாகசாகி.

மேகம் காப்பாற்றிய ஊர்

நாகசாகியில் விழுந்த குண்டு நாகசாகிக்குக் கிளம்பியதே இல்லை, தெரியுமா? ஆகஸ்ட் 9 விடியற்காலை டினியன் தீவிலிருந்து மேஜர் சார்லஸ் ஸ்வீனி ஓட்டிப் புறப்பட்ட விமானத்துக்குக் கொடுத்த முதல் இலக்கு கொக்குரா. பெரிய ஆயுதத் தொழிற்சாலை இருந்த ஊர். குண்டைக் கண்ணால் பார்த்துத்தான் போட வேண்டும் என்பது உத்தரவு. போய்ப் பார்த்தால் ஊரை மேகமும் புகையும் மூடியிருக்கின்றன. ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. ஒன்றும் தெரியவில்லை. இந்த லட்சணத்தில் எரிபொருள் பம்ப் ஒன்று வேலை செய்யாமல் ஒரு தொட்டி பெட்ரோல் பயன்படாமலே கிடக்கிறது. விமானத்தைத் திருப்பினார்கள். காலை 11:02. நாகசாகி.

கொக்குரா மக்களுக்குத் தங்கள் தலைக்கு மேல் எது மூன்று முறை வட்டமடித்துவிட்டுப் போனது என்று அன்றைக்குத் தெரியாது.

குண்டு விழுந்த இடமும் குறிவைத்த இடமில்லை. உரகாமி பள்ளத்தாக்குக்கு மேல் வெடித்தது. கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டிருந்த இரண்டரை நூற்றாண்டுகள் பாதிரியாரே இல்லாமல் ரகசியமாக ஜெபித்துப் பிழைத்த கத்தோலிக்கர்களின் பேட்டை அது. அவர்கள் கட்டிய பேராலயம் வெடிப்பு மையத்திலிருந்து சுமார் 500 மீட்டர். சுமார் 12,000 கத்தோலிக்கர்களில் ஏறத்தாழ 8,500 பேர் போனார்கள். டினியன் தீவில் அந்த விமானப் படையினருக்கு ஆசி வழங்கிக்கொண்டிருந்த ராணுவப் பாதிரியார் ஜார்ஜ் ஜபெல்காவும் கத்தோலிக்கரே! பிற்காலத்தில் மனம் உடைந்து, நான் வாய் திறந்திருக்க வேண்டும் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனார். 1980களில் பெத்லகேம் வரை நடைப்பயணம் கூடச் சென்றார்.

இரண்டாவது குண்டுக்கு முதலில் குறித்த நாள் ஆகஸ்ட் 11. வானிலை கெடப்போகிறது என்று முன்னறிவிப்பு வந்ததால் இரண்டு நாள் முன்னால் இழுத்தார்கள். ஹிரோஷிமாவில் என்ன நடந்தது என்று டோக்கியோ சரியாகப் புரிந்துகொள்வதற்குள் அடுத்தது விழுந்துவிட்டது. எச்சரிக்கைத் துண்டறிக்கைகள் போடவில்லையா என்று கேட்பீர்கள். நாகசாகிக்கு ஒதுக்கியிருந்த துண்டறிக்கைகளும் வானத்திலிருந்து விழுந்தன. எப்போது தெரியுமா? ஆகஸ்ட் 10ஆம் தேதி!

கையெழுத்து எங்கே?

இப்போது தலைப்புக் கேள்விக்கு வருவோம். முடிவெடுத்தது ட்ரூமன், இதில் என்ன சந்தேகம் என்பீர்கள். அவரே ஆயுள் முழுக்க அப்படித்தான் சொன்னார். ஆனால் ‘ஹிரோஷிமாவில் குண்டு போடு’ என்று ட்ரூமன் கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்றுகூடக் கிடையாது, தெரியுமா? இருக்கிற உத்தரவு ஜூலை 25ஆம் தேதி ஜெனரல் தாமஸ் ஹேண்டி, ஜெனரல் கார்ல் ஸ்பாட்ஸுக்கு அனுப்பியது. ஆகஸ்ட் 3 வாக்கில் தொடங்கி, வானிலை இடம்கொடுத்தவுடன், ஹிரோஷிமா, கொக்குரா, நீகாட்டா, நாகசாகி ஆகியவற்றில் ஒன்றில் போடலாம். அப்புறம் குண்டுகள் தயாராகத் தயாராகப் போட்டுக்கொண்டே போகலாம்! இரண்டாவது குண்டுக்கு யாரும் தனியாக அனுமதி கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் அந்த உத்தரவில் இல்லை.

ட்ரூமனின் கையெழுத்து என்று பலரும் காட்டுகிற பென்சில் குறிப்பு ஒன்று உண்டு. ஜூலை 31இல் எழுதியது. தயாரானதும் வெளியிடு, ஆகஸ்ட் 2க்கு முன்னால் வேண்டாம் என்பது அதன் சாரம். எதை வெளியிட? குண்டையா? பத்திரிகைக்குக் கொடுக்கும் அறிக்கையை!

இந்த மனிதருக்கு இப்படி ஓர் ஆயுதம் தயாராகிறது என்பதே முழுசாகத் தெரிந்தது ஏப்ரல் 25ஆம் தேதிதான். அதிபர் ரூஸ்வெல்ட் ஏப்ரல் 12இல் இறந்தார். துணை அதிபராக இருந்தவர் அதிபரானார். பதிமூன்று நாள் கழித்து ஸ்டிம்சனும் குரோவ்ஸும் வந்து விவரம் சொன்னார்கள். 200 கோடி டாலர் செலவில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்த திட்டம். நாட்டின் துணை அதிபருக்குத் தெரியாது! குரோவ்ஸ் பின்னாளில் எழுதிய புத்தகத்தில் போட்டு உடைத்துவிட்டார்: ட்ரூமன் எடுத்த முடிவு என்பது குறுக்கே வராமல் இருந்ததுதான், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஏற்பாட்டைக் கலைக்காமல் விட்டதுதான் என்கிற அர்த்தத்தில்.

இன்னொன்று கேளுங்கள். ஜூலை 25ஆம் தேதி நாட்குறிப்பில் ட்ரூமன் என்ன எழுதினார் தெரியுமா? ராணுவ இலக்குகளின் மேல்தான் குண்டு விழ வேண்டும், பெண்கள் குழந்தைகள் மேல் அல்ல என்று ஸ்டிம்சனிடம் சொல்லியிருப்பதாக! ஹிரோஷிமாவில் ஒரு பெரிய ராணுவத் தலைமையகம் இருந்தது உண்மை. ஆனால் குண்டுக்குக் குறித்த புள்ளி ஊரின் நட்ட நடுவில் இருந்த அயோய் பாலம். வெடித்தது அதற்குச் சற்றுத் தள்ளி, ஓர் ஆஸ்பத்திரிக்கு மேலே. அன்று காலை வீடுகளை இடித்துத் தீத்தடுப்புச் சந்து உண்டாக்கும் வேலைக்கு 8,000க்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளை வரவழைத்திருந்தார்கள். சுமார் 6,000 பேர் திரும்பவில்லை. ட்ரூமன் நாட்குறிப்பில் தன்னையே ஏமாற்றிக்கொண்டாரா, அல்லது ஹிரோஷிமா ஒரு ராணுவ முகாம் என்று நிஜமாகவே நம்பினாரா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். நிஜமாகவே நம்பினார் என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் அது அவருக்குச் சாதகமான தீர்ப்பு அல்ல. என்ன செய்கிறோம் என்று சரியாகத் தெரியாமலே ஒருவர் தலையாட்டினார் என்றால், ‘முடிவு’ என்கிற பெரிய சொல் அங்கே எப்படிப் பொருந்தும்?

எதிர்த்தவர்கள் யார் தெரியுமா?

அணுச் சங்கிலித் தொடர்வினை என்ற எண்ணம் முதலில் உதித்தது லியோ சிலார்டின் தலையில், 1933 லண்டனில். அணுகுண்டு சாத்தியம் என்று எச்சரித்து ரூஸ்வெல்ட்டுக்கு 1939இல் ஐன்ஸ்டைன் அனுப்பிய கடிதத்துக்குப் பின்னால் இருந்தவரும் அவரே. அதே சிலார்ட்தான் 1945 ஜூலையில், சரணடைய ஒரு வாய்ப்புக் கொடுக்காமல் குண்டைப் போடாதீர்கள் என்று 70 விஞ்ஞானிகளின் கையெழுத்தோடு மனு தயாரித்தார்! அது ட்ரூமன் கைக்குப் போய்ச் சேரவே இல்லை. அதற்கு ஒரு மாதம் முன்னால், நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஃபிராங்க் தலைமையில் சிகாகோ விஞ்ஞானிகள் ஓர் அறிக்கை கொடுத்தார்கள்: ஆள் இல்லாத இடத்தில், எல்லா நாட்டுப் பிரதிநிதிகளும் பார்க்க வெடித்துக் காட்டுங்கள்.

ஏன் அப்படிச் செய்யவில்லை? ஓப்பன்ஹைமர், ஃபெர்மி உள்ளிட்ட நான்கு விஞ்ஞானிகளின் குழு யோசித்துவிட்டு, போரை முடிக்கும் அளவுக்கு ஒரு செயல்விளக்கம் எங்களுக்குத் தோன்றவில்லை என்று கைவிரித்துவிட்டது. நாலு பேரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு குண்டு வெடிக்காமல் போனால்? இடத்தை முன்கூட்டிச் சொன்னால் அங்கே போர்க்கைதிகளைக் கொண்டுவந்து அடைத்துவிட்டால்? அற்பக் காரணங்கள் அல்ல இவை. ஆனாலும் இவ்வளவு பெரிய கேள்விக்கு அவர்கள் செலவழித்த நேரம் மிகக் கொஞ்சம்.

மனசாட்சியைச் சொல்லித் திட்டத்திலிருந்தே வெளியேறிய விஞ்ஞானி எத்தனை பேர் தெரியுமா? ஒரே ஒருவர். போலந்தில் பிறந்த ஜோசஃப் ராட்பிளாட். ஜெர்மனியிடம் குண்டு இல்லை என்று தெரிந்ததும், 1944 கடைசியில் பெட்டியைக் கட்டிவிட்டார். 1995இல் அமைதிக்கான நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

ராணுவத் தளபதிகள் எல்லாரும் குண்டுக்கு ஆதரவு என்று நினைத்தால் அதுவும் தப்பு. ட்ரூமனின் தலைமை ராணுவ ஆலோசகர் அட்மிரல் வில்லியம் லீஹி, இது காட்டுமிராண்டித்தனம், போரை முடிக்க இது உதவவும் இல்லை என்று 1950இல் எழுதினார். ஜெனரல் ஐசன்ஹோவரும் தான் ஸ்டிம்சனிடம் ஆட்சேபம் சொன்னதாக எழுதியிருக்கிறார். இதெல்லாம் போர் முடிந்து ஆண்டுகள் கழித்து எழுதியவை என்பதையும் மனதில் வையுங்கள். கடற்படைத் துணைச் செயலர் ரால்ஃப் பார்ட் ஒருவர்தான் 1945 ஜூன் 27இல், குண்டு விழுவதற்கு முன்பே, ஜப்பானை எச்சரிக்க வேண்டும் என்று மனு எழுதிக் கொடுத்தவர்.

அணுகுண்டுக்கு முன்பே தாண்டிய எல்லை

1939 செப்டம்பர் 1ஆம் தேதி, ஐரோப்பாவில் போர் தொடங்கிய அன்றே, பொதுமக்கள் மேல் விமானத்திலிருந்து குண்டு போடாதீர்கள் என்று சண்டையில் இறங்கக்கூடிய நாடுகளுக்கு வேண்டுகோள் விடுத்தவர் யார் தெரியுமா? அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்!

ஆறே வருடம். 1945 மார்ச் 9 இரவு ஜெனரல் கர்டிஸ் லெமேயின் சுமார் 300 விமானங்கள் டோக்கியோவின் மர வீடுகள் மேல் தீக்குண்டு பொழிந்தன. ஒரே ராத்திரியில் ஒரு லட்சம் பேர் வரை இறந்தார்கள். நாகசாகியில் அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தவர்கள் சுமார் 74,000. ஹிரோஷிமாவில் சுமார் 1,40,000. ஆகஸ்டுக்குள் 60க்கும் மேற்பட்ட ஜப்பானிய நகரங்கள் எரிந்து முடிந்திருந்தன. போரில் நாம் தோற்றிருந்தால் நம்மைப் போர்க் குற்றவாளிகளாக நிறுத்தியிருப்பார்கள் என்று லெமே சொன்னதை, அன்று அவருக்குக் கீழே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த ராபர்ட் மெக்னமாரா பிற்காலத்தில் ஓர் ஆவணப் படத்தில் சொல்கிறார். அணுகுண்டு மட்டும் தனிப் பாவம் என்று வாதாடுகிறவர்கள் இந்த ராத்திரியைத் தாண்டித்தான் வர வேண்டும்.

‘பத்து லட்சம்’ எங்கிருந்து வந்தது?

குண்டு போடாவிட்டால் ஜப்பானுக்குள் படை இறக்க வேண்டியிருந்திருக்கும், பத்து லட்சம் அமெரிக்கர்கள் பலியாகியிருப்பார்கள். இதைக் கேட்காதவர் யார்? நம் ஊர்ப் பள்ளிப் பேச்சுப் போட்டிகளில்கூட இந்த எண் தவறாமல் வரும். ஆனால் 1945 ஜூன் 18ஆம் தேதி வெள்ளை மாளிகையில் ட்ரூமன் தலைமையில் படையெடுப்பைப் பற்றிப் பேசியபோது இந்த எண் வரவே இல்லை, தெரியுமா? கியூஷூ தீவில் முதல் 30 நாள் இழப்பு, பிலிப்பைன்ஸின் லூசானில் கொடுத்த விலையை, அதாவது சாவும் காயமும் சேர்ந்து சுமார் 31,000ஐ, தாண்டாது என்றுதான் ஜெனரல் மார்ஷல் சொன்னார்.

அப்புறம்? 1946 ஆகஸ்ட் 31. ‘நியூயார்க்கர்’ பத்திரிகை தன் இதழ் முழுவதையும் ஒரே கட்டுரைக்குக் கொடுத்தது. ஜான் ஹெர்சி எழுதிய ‘ஹிரோஷிமா’. உயிர் பிழைத்த ஆறு பேரின் கதை. அமெரிக்கா முதல்முறையாகக் குண்டுக்குக் கீழே இருந்த முகங்களைப் பார்த்தது, ஆடிப்போயிற்று. ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட்டும் குண்டுத் திட்டத்தின் பெரிய ஆள். பதில் சொல்லியாக வேண்டும் என்று ஸ்டிம்சனைப் பிடித்தார். மெக்ஜார்ஜ் பண்டி என்கிற இளைஞர் வரைவு எழுத, ஸ்டிம்சன் பெயரில் 1947 பிப்ரவரி ‘ஹார்ப்பர்ஸ்’ இதழில் கட்டுரை வந்தது. படை இறக்கியிருந்தால் அமெரிக்கத் தரப்பில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் சேதம் என்ற எண் ஊருக்கெல்லாம் பரவியது அதிலிருந்துதான். அதில்கூடச் சாவும் காயமும் சேர்த்துச் சொன்னது, காலப்போக்கில் வெறும் சாவாகச் சுருங்கிவிட்டது! படையெடுப்பு ஒரு பக்கம், குண்டு ஒரு பக்கம் என்று தராசில் வைத்து, கவலையோடு நிறுத்துப் பார்த்து முடிவெடுத்தார்கள் என்கிற அழகான காட்சியும் அந்தக் கட்டுரையில்தான் உருவாயிற்று. 1945இல் அப்படி யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை. குண்டும் போடுவோம், தேவைப்பட்டால் படையும் இறக்குவோம் என்பதுதான் அன்றைய திட்டம். நவம்பர் 1 தேதியும் குறித்தாயிற்று.

இருங்கள், எதிர்த்தரப்பையும் முழுசாகக் கேளுங்கள். படையெடுப்பில் காயம்படப் போகிறவர்களுக்கு என்று ‘பர்ப்பிள் ஹார்ட்’ பதக்கங்களை அமெரிக்கா எத்தனை அடித்து வைத்தது தெரியுமா? சுமார் 5 லட்சம்! கொரியப் போர், வியட்நாம் போர் எல்லாம் முடிந்தும் அந்தச் சரக்கு தீரவில்லை. ஒகினாவா என்ற ஒரு தீவைப் பிடிக்கவே 12,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் செத்திருந்தார்கள். அங்கே இறந்த ஜப்பானியப் படையினரும் பொதுமக்களும் அதைப் போலப் பல மடங்கு.

இந்தக் கணக்குகளில் எப்போதும் விட்டுப்போகிற ஒரு கூட்டம் உண்டு. ஜப்பானின் பிடியில் இருந்த ஆசியர்கள். சீனா, இந்தோனேசியா, வியட்நாம், பிலிப்பைன்ஸ் எங்கும் போர் நீடித்த ஒவ்வொரு மாதமும் பட்டினியிலும் கொத்தடிமை வேலையிலும் ஆயிரக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள். அதில் நம்மவர்களும் இருந்தார்கள். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து சயாம்-பர்மா ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் காலராவிலும் பசியிலும் தண்டவாளத்தின் ஓரத்திலேயே புதைந்தார்கள். மரண ரயில் என்றே அதற்குப் பெயர். பாதை 1943இல் முடிந்த பிறகும் பராமரிப்பு வேலைக்கு ஆட்களை விடவில்லை. 1945 செப்டம்பரில் மலாயாவில் இறங்க இந்தியத் துருப்புகள் தயாராக நின்றன. ஜப்பான் சரணடைந்ததால் மோரிப் கடற்கரையில் சண்டை இல்லாமல் இறங்கின. அந்தப் படகில் இருந்த சிப்பாயிடமும் தோட்டத்தில் புருஷனுக்காகக் காத்திருந்த பெண்ணிடமும் குண்டு போட்டது நியாயமா என்று கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்? அவர்கள் பதில் என்னவாக இருந்தாலும் ஹிரோஷிமாப் பள்ளிப் பிள்ளைகளின் கணக்கு அதனால் தீராது. ஆனால் அவர்களைக் கேட்காமல் நடத்துகிற விவாதமும் அரைகுறைதான்.

ஜப்பான் சரணடைந்தது குண்டினாலா?

இதுதான் உச்சக்கட்டத் தெரியுமா! ஆகஸ்ட் 9 விடிவதற்குள் சோவியத் படைகள் மஞ்சூரியாவுக்குள் பாய்ந்துவிட்டன. அதுவரை ஜப்பான், ரஷ்யா நடுவில் நின்று சமரசம் பேசித் தரும் என்று நம்பி மாஸ்கோவுக்குத் தந்தி மேல் தந்தி அடித்துக்கொண்டிருந்தது; அந்தத் தந்திகளை அமெரிக்கர்கள் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தார்கள்! காலையில் டோக்கியோவில் ஆறு பேர் கொண்ட உச்ச யுத்தக் குழு கூடியது. சக்கரவர்த்தி பதவி மட்டும் காப்பாற்றப்பட்டால் போதும் என்று மூன்று பேர். ஆயுதத்தை நாங்களே களைவோம், போர்க்குற்றத்தை நாங்களே விசாரிப்போம், அந்நியப் படை உள்ளே வரக்கூடாது என்று இன்னும் மூன்று நிபந்தனை சேர்த்து மூன்று பேர். கூட்டம் நடக்கும்போதே நாகசாகிச் செய்தி வருகிறது. அதற்கு அப்புறமும் மூன்றுக்கு மூன்று! நள்ளிரவு தாண்டிச் சக்கரவர்த்தி ஹிரோஹிட்டோவே வாய் திறந்த பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது. ஆகஸ்ட் 14 இரவு இளம் அதிகாரிகள் சிலர் அரண்மனைக்குள் புகுந்து சரணாகதி உரை பதிவான ஒலித்தட்டைத் தேடோ தேடென்று தேடினார்கள். கிடைக்கவில்லை. மறுநாள் மதியம் அது ஒலிபரப்பானது.

அந்த உரையில் சக்கரவர்த்தி சொன்ன காரணம், எதிரியின் கொடூரமான புதுக் குண்டு. ரஷ்யாவைப் பற்றி மூச்சில்லை. இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 17இல், படைவீரர்களுக்குத் தனியாக ஓர் ஆணை வெளியிட்டார். அதில் ரஷ்யா போரில் நுழைந்ததைச் சொன்னார். குண்டைப் பற்றி மூச்சில்லை! வரலாற்றாசிரியர் சுயோஷி ஹாசெகாவா 2005இல் ஒரு தடிமனான புத்தகமே எழுதி, சரணாகதிக்குக் குண்டை விட ரஷ்யாவின் பங்குதான் பெரிது என்றார். மற்றவர்கள் மறுக்கிறார்கள். மூன்று நாள் இடைவெளிக்குள் இரண்டு அடியும் சேர்ந்து விழுந்ததால், தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பது இனி யாராலும் ஆகாது என்பது என் அபிப்பிராயம்.

இரண்டு சிப்பாய்கள், இரண்டு தீர்ப்புகள்

1956இல் ட்ரூமனுக்கு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் கொடுக்க முன்வந்தபோது எழுந்து நின்று எதிர்த்தவர் ஒரு பெண் தத்துவ ஆசிரியர், எலிசபெத் ஆன்ஸ்கம். நிரபராதிகளைக் கொல்வதை ஒரு வழியாகத் தேர்ந்தெடுத்தால், நோக்கம் என்னவாக இருந்தாலும் அது கொலை என்றார். அவர் பக்கம் நின்றவர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். பட்டம் கொடுத்துவிட்டார்கள்.

பால் ஃபஸ்ஸல் ஐரோப்பாவில் சண்டையிட்டுக் காயம்பட்ட காலாட்படை லெஃப்டினன்ட். ஜப்பானியப் படையெடுப்புக்கு அனுப்பப்பட இருந்தவர். அணுகுண்டுக்காகக் கடவுளுக்கு நன்றி என்று 1981இல் கட்டுரையே எழுதினார். போர்முனையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தாரோ அவ்வளவு சுலபமாக ஒருவருக்கு நீதி பேச வருகிறது என்று குத்தினார். கேட்டதும் வாயடைத்துப் போகும்.

ஆனால் ஜான் ரால்ஸ் என்று இன்னொரு காலாட்படைச் சிப்பாய் இருந்தார். நியூ கினியாவிலும் பிலிப்பைன்ஸிலும் பசிபிக் போரில் நேரடியாகச் சண்டையிட்டவர். போர் முடிந்ததும் அவர் ஏறிய ரயில் ஹிரோஷிமாவின் சாம்பல் வழியாகப் போனது. பின்னாளில் நீதியைப் பற்றி 20ஆம் நூற்றாண்டின் மிகப் பிரபலமான தத்துவ நூலை எழுதியவர் இவர்தான்! 1995இல், ஹிரோஷிமாவின் ஐம்பதாம் ஆண்டில், ஒரு சிறு கட்டுரை எழுதினார். ஹிரோஷிமாவும், டோக்கியோவின் தீயும், இரண்டுமே பெரும் பாவங்கள் என்று அதில் தீர்ப்புச் சொன்னார். போர்முனையைப் பார்த்தவன் இப்படித்தான் பேசுவான் என்கிற ஃபஸ்ஸலின் வாதத்துக்கு இதைவிடப் பெரிய பதில் வேறு இல்லை.

சட்டம் என்ன சொன்னது? டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் 1948இல் தனித் தீர்ப்பு எழுதிய இந்திய நீதிபதி ராதாபினோத் பால், நாஜித் தலைவர்களின் உத்தரவுகளுக்கு நெருக்கமாகப் பசிபிக் போரில் ஏதாவது வருமென்றால் அது அணுகுண்டு முடிவுதான் என்றார். 1963 டிசம்பர் 7ஆம் தேதி டோக்கியோ மாவட்ட நீதிமன்றம், இரண்டு குண்டுவீச்சுகளும் சர்வதேசச் சட்டத்துக்கு விரோதம் என்றது. பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட அதே தேதி! ஆனால் வழக்குப் போட்ட ஐந்து பேருக்கு நஷ்டஈடு கிடையாது. 1996இல் ஹேக் நகர சர்வதேச நீதிமன்றத்தில் முக்கியமான கேள்வியில் ஏழுக்கு ஏழு. தலைவர் தன் கூடுதல் வாக்கைப் போட்டார். நாடே அழியும் நிலையில் தற்காப்புக்காக அணு ஆயுதத்தைப் பயன்படுத்தினால் சட்டவிரோதமா இல்லையா, திட்டமாகச் சொல்ல முடியவில்லை என்றது அந்தக் கருத்துரை. எந்தச் சூழ்நிலையிலும் சட்டவிரோதமே என்று மிக நீண்ட மறுப்புரை எழுதியவர் கொழும்பில் பிறந்த இலங்கை நீதிபதி கிறிஸ்டோபர் வீரமந்திரி.

ஹிரோஷிமாவில் இறந்தவர்களில் அமெரிக்கர்களும் உண்டு, தெரியுமா? 12 போர்க்கைதிகள். அவர்கள் யார் யார் என்று பல ஆண்டுகள் தேடிக் குடும்பங்களுக்குத் தெரிவித்தவர், எட்டு வயதில் அதே குண்டில் உயிர் பிழைத்த ஷிகேயாகி மோரி. 2016இல் ஹிரோஷிமா வந்த ஒபாமா கட்டியணைத்தது அவரைத்தான். பல்லாயிரம் கொரியர்களும் இறந்தார்கள், ஜப்பான் வேலைக்குக் கொண்டுவந்தவர்கள். அவர்களுக்கு எழுப்பிய நினைவுச் சின்னம் அமைதிப் பூங்காவுக்கு உள்ளே வந்ததே 1999இல்தான்!

மக்கள் என்ன நினைத்தார்கள்? 1945 ஆகஸ்டில் நூற்றுக்கு 85 அமெரிக்கர்கள் சரி என்றார்கள். அந்த ஆண்டு இறுதியில் எடுத்த வேறொரு கணிப்பில், ஏறத்தாழ நாலில் ஒருவர், ஜப்பான் சரணடைவதற்குள் இன்னும் நிறையப் போட்டிருக்க வேண்டும் என்றார்! 2015இல் நியாயம் என்றவர்கள் 56 சதவீதம். ஜப்பானில் 14.

அணு ஆயுதத்தை எதிர்த்தவர்களில் நம்மவரும் உண்டு. ராஜாஜி 1962 செப்டம்பரில், 83 வயதில், வேட்டி சட்டையோடு வெள்ளை மாளிகைக்குப் போய் கென்னடியிடம் அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தச் சொல்லி வாதாடினார் என்பது இன்றைய பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மூன்றாவது குண்டு எங்கே போயிற்று?

ஆமாம், மூன்றாவது இருந்தது! ஆகஸ்ட் 10ஆம் தேதி குரோவ்ஸ், அடுத்த குண்டு 17, 18 தேதிக்கு மேல் போடத் தயார் என்று மார்ஷலுக்குக் குறிப்பு அனுப்பினார். மார்ஷல் அதன் அடியில் கையால் எழுதித் திருப்பி அனுப்பினார்: அதிபரின் நேரடி அனுமதி இல்லாமல் ஜப்பான் மேல் போடக்கூடாது. அன்று அமைச்சரவைக் கூட்டத்தில் ட்ரூமன், இன்னொரு லட்சம் பேரை அழிப்பது என்ற நினைப்பே தாங்க முடியவில்லை, அத்தனை குழந்தைகளைக் கொல்வது பிடிக்கவில்லை என்று சொன்னதாக அமைச்சர் ஹென்றி வாலஸ் நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

அனுப்பப்படாமல் நின்றுபோன அந்தப் புளூட்டோனியக் கோளம், 6.2 கிலோ, லாஸ் அலமாஸிலேயே தங்கியது. ஆகஸ்ட் 21ஆம் தேதி அதை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்த ஹாரி டாக்லியன் கையிலிருந்து ஒரு கனமான கட்டி தவறி அதன் மேல் விழுந்தது. கதிர்வீச்சில் 25 நாளில் இறந்தார். அடுத்த ஆண்டு மே 21, அதே கோளம், லூயி ஸ்லோட்டின். ஒன்பதே நாள். பிசாசுக் கோளம் என்று விஞ்ஞானிகள் பெயர் வைத்தார்கள். அப்புறம் அதை உருக்கி வேறு குண்டுகளுக்குள் கலந்துவிட்டார்கள்.

ட்ரூமன் அந்த ஆகஸ்ட் 10இல் போட்ட நிபந்தனை இருக்கிறதே, அணுகுண்டு விஷயத்தில் அவர் தாமாக முன்வந்து எடுத்த முதல் தெளிவான முடிவு அதுதான். தளபதிகள் கையிலிருந்து குண்டைப் பிடுங்கித் தன் கையில் வைத்துக்கொண்டார், மறுபடி அது தானாக ஓடிவிடக் கூடாது என்று. அந்த வழக்கமே நிலைத்துவிட்டது. இன்றைக்கும் அமெரிக்காவில் அணு ஆயுதத்தைப் பயன்படுத்த உத்தரவிடும் அதிகாரம் அதிபர் ஒருவருக்கு மட்டும்தான். நாடாளுமன்றத்தைக் கேட்க வேண்டாம். அமைச்சரவை வேண்டாம். பாதுகாப்பு அமைச்சர் சம்மதிக்காவிட்டாலும் உத்தரவு செல்லும், தெரியுமா?